அடிமை வணிகனின் இனிப்புப் பேச்சு: மொழிபெயர்ப்பில் உதவி தேவை

பொள்ளாச்சியில் எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்காக, அமெரிக்கப் பாடகர் ராண்டி நியூமன் 1972-இல் வெளியிட்ட ‘செயில் அவே’ பாடலைத் தமிழாக்கினேன். கேட்டவர்களில் பாதிப் பேர் அதை அமெரிக்காவைப் போற்றும் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பாடுபவன் ஓர் அடிமை வணிகன். சிங்கமும் பாம்பும் இல்லாத, தர்ப்பூசணி இனிக்கும் நாடு என்று ஆசை காட்டி, ஆப்பிரிக்கர்களை அமெரிக்கத் துறைமுகமான சார்ல்ஸ்டனுக்குக் கப்பலேற அழைக்கிறான். சங்கிலி என்ற சொல்லே பாட்டில் வருவதில்லை; செல்லமாகக் கூப்பிடுவதுபோல் அவன் செருகும் ஒரு நிற வசைச்சொல்தான் அவனைக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் அடிக்குறிப்பு எழுதினேன், பாட்டு பாடமாகிவிட்டது. குரலைக் கடுமையாக்கியபோது ஏமாற்றும் இனிமை போய்விட்டது. பிறகு, சுமங்கலித் திட்டத்துக்குப் பெண்பிள்ளைகளைத் தேடித் திண்ணையில் அமர்ந்து, “மூணே வருசந்தானுங்க, கல்யாணச் செலவுக்குக் கையில பணம்” என்று நூற்பாலைத் தரகர்கள் பேசிய பேச்சில் எழுதிப் பார்த்தேன். முன்பு ஆலையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் முதல் வரியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் பாட்டின் உயிரான நிறவெறி அதில் மறைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தரகர் பேச்சின் இனிமையை வைத்துக்கொண்டே, பேசுபவன் அடிமை வணிகன் என்பது குறிப்பில்லாமல் விளங்க, அந்த வசைச்சொல்லுக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைக்கலாம்?