பையனின் ஜீவனாம்சத்துக்காகக் கணவருடைய வரவு செலவைத் தோண்டலாமா?

மல்லிப்பந்தல்:
பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆறு வயதுப் பையன் என்னோடு இருக்கிறான். அவருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. பையனுக்காக ஜீவனாம்ச வழக்குப் போட்டேன். "கடை அண்ணனுடையது, நான் சம்பள ஆள், மாதம் 12,000" என்று பதில் கொடுத்திருக்கிறார். முகூர்த்த நாளில் மல்லிகை என்ன விலை போகும் என்று மதுரையில் யாருக்குத் தெரியாது? அவருடைய பழைய போன் என்னிடம் இருக்கிறது. வாட்ஸ்அப், ஜிபே எல்லாம் திறக்கிறது. அதை எடுத்துக் கோர்ட்டில் கொடுத்துவிடவா?

திருமங்கலத்தான்:
வேண்டாம் தங்கச்சி. நானும் மகளுக்கு மாதாமாதம் கட்டுகிறவன்தான். என் பேங்க் ஸ்டேட்மென்ட் எதிர்த்தரப்புக்குப் போனது. அம்மாவின் மருந்துச் செலவு, நண்பனிடம் வாங்கிய கைமாத்து எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள், தருகிறோம். எங்கள் கணக்கு முழுவதும் எதற்கு?

வைகைக்கரை:
அண்ணே, உங்களைப் போல் ஒழுங்காகக் கட்டுகிறவர்களை யாரும் தோண்டப் போவதில்லை. 12,000 என்று எழுதிக் கொடுத்தவரை எப்படி நம்புவது? 2020 நவம்பர் 4-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்பதும் அதே தீர்ப்புதான். மல்லி, அவர் அந்தப் பத்திரம் கொடுத்தாரா, வெறும் பதில் மனு மட்டும்தானா?

மல்லிப்பந்தல்:
பதில் மனு மட்டும்தான் அக்கா.

மேலூர்_வாசி:
அப்படியானால் போனை விடாதீர்கள்! கணவன் மனைவி ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையே விவாகரத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வைகைக்கரை:
அது இரண்டு பேரும் பேசிக்கொண்ட பேச்சு. அடுத்தவர் கணக்கைத் திறந்து பார்ப்பது வேறு. பரமக்குடி வழக்கு ஒன்றில் கணவர் மனைவியின் போன் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுத்துக் கொடுத்தார். அதை ஏற்க முடியாது என்று 2024-ல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் சொன்னது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது அதை ஏன் கெடுத்துக்கொள்கிறீர்கள்? கோர்ட் வழியாகக் கேட்டு வாங்க வழி இருக்கிறது.

மேலூர்_வாசி:
கேட்டால் கொடுத்துவிடுவாரா? பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, எல்லாம் ரொக்கம். காகிதத்தில் என்ன இருக்கப் போகிறது?

வைகைக்கரை:
ரொக்கமும் தடம் விடும். கடை யார் பெயரில் இருக்கிறது, வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு, இன்சூரன்ஸ் பிரீமியம் எவ்வளவு, இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி ஆவணம் வரவழைக்க மனு போடச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றை நீங்களே எடுக்கலாம். எங்கள் வழக்கில் உதவியது காதணி விழா. உசிலம்பட்டிப் பக்கம் மண்டபம் பிடித்து, ஃபிளெக்ஸ் கட்டி, மொய் நோட்டு போட்டு நடத்திய விழா. 15,000 சம்பளக்காரர் அதை எப்படி நடத்தினார் என்று கேட்டதும் அவர் வக்கீலே சமரசத்துக்கு வந்தார். பத்திரத்தில் பொய் சொன்னால் அதற்குத் தனியாக நடவடிக்கை உண்டு. அரசு ஊழியர் என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை, சம்பளச் சான்றை அலுவலகத்திலிருந்தே கோர்ட் வரவழைக்கும்.

திருமங்கலத்தான்:
சரி, கோர்ட் வழியாகக் கேட்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்திரம் அவர்களுக்கும் உண்டுதானே? தங்கச்சி தன் வருமானத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். வாங்கிய விவரத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் கூடாது. என்னைச் சுட்டது அதுதான்.

வைகைக்கரை:
இதில் உங்களோடு சண்டை இல்லை அண்ணே. உங்களுக்கு நடந்தது தப்பு. மல்லி, வக்கீல் செலவு இடித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இலவச உதவி உண்டு.

மல்லிப்பந்தல்:
தையலில் எனக்கு மாதம் 7,000 வருகிறது. அதை எழுதினால் பையனுக்குக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். போனை அவர் தங்கை மூலம் திருப்பிக் கொடுக்கிறேன். பத்திரம் கேட்டு மனு அடுத்த வாய்தாவுக்குள் போட வேண்டும்.