ஃபேன்ஃபிக்கில் எழுதுகிறவரே கதாபாத்திரமாக வந்தால்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஏரிக்கரை

பொன்னியின் செல்வன் ஃபேன்ஃபிக் (மூலக்கதையின் ஆட்களை வைத்து ரசிகர்களே எழுதும் கதை) படிப்பவர்களுக்கு இந்த வகைக் கதை நன்றாகத் தெரிந்திருக்கும். சென்னையில் ஐடி வேலை பார்க்கும் பெண் எப்படியோ சோழர் காலத்தில் போய் விழுவாள். ஆடிப் பதினெட்டு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் வந்தியத்தேவன். நான் படித்ததில் அந்தப் பெண்ணுக்கு எழுதியவரின் பெயரே இருந்தது, ஊரும் அதே ஊர். அதுவரை எனக்கு ஒன்றும் தொந்தரவில்லை. அப்புறம் பழையாறைக்குப் போனாள். ஆதித்த கரிகாலனைக் கடம்பூர் பக்கம் விடாதே என்று குந்தவைக்கு யோசனை சொன்னாள். குந்தவை கைகூப்பி, "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அக்கா" என்றாள்.

அக்கா! சோழ நாடே யாரிடம் யோசனை கேட்டு நின்றதோ, அந்தக் குந்தவை.

குந்தவை இப்படிப் பேசுவாளா என்று பணிவாகத்தான் கமெண்ட் போட்டேன். "அந்தக் கதாபாத்திரம் நான்தான். என்னைப் பிடிக்கவில்லை என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்" என்று பதில் வந்தது. இதற்கு மேல் என்ன எழுதுவது? கதையைக் குறை சொன்னால் ஆளையே குறை சொன்னதாகிவிடுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

புதைகுழி

நீங்களாவது வெளியே நின்று படித்தீர்கள். நான் உள்ளேயே இருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட் எழுதிய கதை, அதுவும் பொன்னியின் செல்வன்தான். அவள் ஈழத்து இளவரசி. நான் (பெயரில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்) நந்தினியின் ஒற்றர் கூட்டத்தில் ஒருத்தி, இளவரசியின் சந்தனக் கிண்ணத்தைத் திருடுகிறவள். அவளுடைய ஷாம்பூவைக் கேட்காமல் எடுப்பேன் என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் கோடிக்கரைப் புதைகுழியில் இடுப்பளவு இறங்கிவிட்டேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இளவரசி நின்று, "அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்டால் இதுதான்" என்று ஒரு பத்தி பேசுகிறாள். நான் கழுத்துவரை இறங்கியும் பேச்சு முடியவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் படித்துச் சிரித்தார்கள்.

அது நீ இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். தன்னைக் கதையில் போட்டுக்கொள்வது அவரவர் இஷ்டம். பக்கத்துக் கட்டில்காரியை ஏன் இழுக்க வேண்டும்?

கப்பல்தளபதி

ஒரு போட்டிக்கு நடுவராக இருந்தபோது வந்த கதைகளில் பாதி இந்த ரகம்தான். என் அனுபவம் அவ்வளவே. ஆனால் இங்கே யாருக்கும் வரலாறு தெரியவில்லை என்பதால் சொல்கிறேன்.

இந்த ரகக் கதைகளைக் கேலி செய்வது 1973இலேயே தொடங்கிவிட்டது. ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் டிவி தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் பவுலா ஸ்மித் ஒரு குட்டிக் கதை எழுதினார். நாயகி லெஃப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை. கப்பலில் எல்லாருக்கும் அவள்மேல் மயக்கம், எல்லாரையும் அவளே காப்பாற்றுகிறாள், கடைசியில் செத்துப்போகிறாள், கேப்டன் முதல் டாக்டர் வரை சுற்றி நின்று அழுகிறார்கள். இதழுக்கு வந்து குவிந்த கதைகளைப் பார்த்து அலுத்துப்போய் எழுதிய நையாண்டி அது. அன்றிலிருந்து இந்த வகைக்கே மேரி சூ என்று பெயர் நின்றுவிட்டது. பெண்களை மட்டும் ஏன் கேலி செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. அதே தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பரியின் நடுப்பெயர் வெஸ்லி. 1987இல் வந்த அடுத்த தொடரில் வெஸ்லி என்றொரு பையன், பெரியவர்களுக்குப் புரியாத இயந்திரத்தையும் சரிசெய்வான். ரசிகர்கள் அவனையும் விட்டுவைக்கவில்லை.

எழுதுகிறவர்களுக்கு: சொந்தப் பெயரை வைக்காதீர்கள். உங்களால் முடியாத ஒரு காரியத்தை முதல் அத்தியாயத்திலேயே கதையில் காட்டிவிடுங்கள். மூலக்கதையின் ஆட்களில் ஒருவருக்காவது உங்களைக் கண்டால் ஆகக்கூடாது. படகோட்டியாகவோ சத்திரத்துக்காரராகவோ ஓரமாக வந்துவிட்டுப் போங்கள். திருத்த ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்கள் நண்பராக இருக்கக்கூடாது. முக்கியமாக...

ஏரிக்கரை

சார், நான் படித்தவள் மட்டும்தான். நான் எழுதவில்லை.

மட்டுநகர்ப் பிள்ளை

நீங்கள் எல்லாரும் எழுதியவர் உள்ளே வருவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னையே கூப்பிட்ட கதையில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கே-பாப் (கொரிய பாப் பாடகர்கள்) ஃபேன்ஃபிக்கில் நாயகிக்குப் பெயர் இருக்காது. பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், உங்கள் பெயரைப் போட்டு வாசிக்க வேண்டும். நானும் போட்டு வாசித்தேன். பாடகன் என் பொன்னிறக் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். என் கன்னம் ரோஜாப்பூப் போலச் சிவந்தது. சிவந்ததா? நான் வெயிலில் நின்றால்கூட என் கன்னம் சிவக்காது. நெற்றியில் முத்தமிட அவன் குனிய வேண்டியிருந்தது என்று வேறு. என் உயரத்துக்கு அவன் குனியத் தேவையே இல்லை.

தன் பெயரை வெளிப்படையாகப் போட்டு எழுதுகிறவரே மேல். அது அவருடைய ஆசை என்று தெரிந்துகொண்டு வாசிக்கலாம். 'இது நீதான்' என்று சொல்லிவிட்டுத் தன்னையே எழுதி வைப்பதுதான் எனக்குக் கோபம்.

மார்கழி

போன மார்கழியில் திருப்பாவை உபன்யாசம் கேட்கப் போயிருந்தேன். ஆண்டாள் வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், அங்குள்ள கோயிலை நந்தகோபர் மாளிகையாகவும், தோழிகளை ஆய்ச்சியராகவும், தன்னையும் அவர்களில் ஒருத்தியாகவும் பாவித்துக்கொண்டாள் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் அம்மாவிடம் குனிந்து, "அப்போ இது ஃபேன்ஃபிக் தானேம்மா?" என்றாள். அம்மா தொடையில் கிள்ளியதைப் பார்த்தேன். எனக்கு அதற்கு அப்புறம் ஒரு பாசுரமும் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் சொன்னதில் என்ன தப்பு?

தென்கலை

ஆண்டாளை இதில் இழுக்காதீர்கள். பக்தி வேறு, பொழுதுபோக்கு வேறு. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். திருப்பாவையில் அவள் கும்பலில் ஒருத்தி. தூங்குகிற பெண்களை வீடு வீடாகப் போய் எழுப்புகிறாள். கண்ணனின் துணைவி நப்பின்னையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரவில்லை, அவளையும் எழுப்பித்தான் கண்ணனிடம் போகிறாள். தனக்குக் கல்யாணம் நடப்பதைப் பாடும்போதுகூடக் கனவு என்றுதான் தோழியிடம் சொல்கிறாள். பெரியாழ்வார் யசோதையாகவே மாறித் தாலாட்டினார், கண்ணனுக்குப் புதிதாக ஒரு பெரியப்பாவை உண்டாக்கவில்லை. இதையும், குந்தவை அக்கா என்று கூப்பிடுவதையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா?

ஏரிக்கரை

எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததைச் சொல்லிவிட்டீர்கள். நப்பின்னை விஷயம் அருமை.

ஸ்டெப் எங்கே

நான் கணக்கு ஆசிரியர். பள்ளி ஆண்டு மலருக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஹாரி பாட்டர் கதை எழுதிக் கொடுத்தாள். அவள் பெயரிலேயே ஒரு மாணவி ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் சேர்கிறாள். வழக்கமான கதை என்று படித்துக்கொண்டே போனேன். மருந்து காய்ச்சும் வகுப்பில் ஆசிரியர் ஸ்நேப் அவள் கொப்பரையை எட்டிப் பார்த்து, "விடை இருக்கட்டும், ஸ்டெப் எங்கே?" என்கிறார். என் வாயில் நாள் முழுக்க வருவது அதுதான். சிரித்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஸ்நேப் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார். எதற்கு என்று கதையில் எழுதவில்லை.

கப்பல்தளபதி

ஸ்நேப் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை. அங்கேயே அந்தக் கதாபாத்திரம் உடைந்துவிட்டது. அந்த மாணவிக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது...

ஸ்டெப் எங்கே

ஐயா, அதில் பெயர் மட்டும்தான் ஸ்நேப். மார்க் குறைத்ததா, போர்டுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கதையை மலரில் அப்படியே போட்டோம். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டது.