புதுப்பிப்பு: எஸ்டீம் 1.3 எஞ்சினுக்கு டர்போ

பழைய மாருதி எஸ்டீம் காரோட 1298 சிசி, 16 வால்வ் எஞ்சினுக்கே டர்போ (காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற கருவி) போடலாமா, வேற எஞ்சின் தேடலாமான்னு கேட்டிருந்தேன். அதே எஞ்சின்தான், முடிவாயிடுச்சு.

முதல்ல கம்ப்ரஷன், லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குதா, கசியுதான்னு பாக்குறது). நாலு சிலிண்டரோட ரீடிங்கும் நெருக்கமா வந்ததாலதான் துணிஞ்சேன். எல்லாரும் பிஸ்டன், கனெக்டிங் ராட் பத்தியே பேசுறாங்க. என்னைக் கேட்டா ரிங் கேப்தான் (பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி) முக்கியம். பூஸ்ட் (டர்போ தர்ற கூடுதல் காத்தழுத்தம்) சூட்டுல ரிங் விரிஞ்சு முனை ரெண்டும் முட்டிக்கிட்டா, பிஸ்டன்ல ரிங் உட்கார்ற இடமே உடைஞ்சு போகும். அதனால கம்பெனி அளவைவிட அந்த இடைவெளி கொஞ்சம் கூடுதலா இருக்குற மாதிரி அரம் போட்டாச்சு.

டர்போல இருந்து ஆயில் தானாவே கீழ வடியணும். அதனால ரிட்டர்ன் குழாயை சம்ப்புல (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி), ஆயில் மட்டத்துக்கு மேலதான் இறக்கியிருக்கு.

பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுற பாகம்) எதுக்குன்னு கேட்ட அண்ணனுக்கு: பூஸ்ட் மட்டும் காரணமில்லண்ணே. இ20 பெட்ரோல்ல 20% எத்தனால், அதே காத்துக்கு எரிபொருள் அதிகம் வேணும். ஆனா நாக்கிங்கை (எரிபொருள் சிலிண்டருக்குள்ள தாறுமாறா வெடிக்கிறது) தாங்குறதுல எத்தனால் நம்ம பக்கம்தான்!

ஆரம்பம் 0.4 பார் பூஸ்ட், இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் அடிக்கிற நேரம்) குறைச்சு. வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுற சென்சார்) ரீடிங் பாக்காம மேல ஏத்த மாட்டேன். வண்டி ட்ராக்குக்கு மட்டும். டைனோ (பவரை அளக்குற மெஷின்) ஓடினதும் கிராஃப் போடுறேன்.