தாத்தா 80: குடும்பக் குழு

அத்தை: சதாபிஷேகத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. சமையல்காரருக்கு முன்பணம் யார் கொடுப்பது?

சித்தப்பா: போன தடவை நான் கொடுத்தேன்.

அத்தை: அதை இப்போது கேட்டேனா?

பெரியப்பா: மண்டபத்தில் ஹோமம் முடியட்டும். மறுநாள் அப்பாவைக் கன்னிமாராவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

திவ்யா: லைப்ரரிக்கா பெரியப்பா?

பெரியப்பா: ஹோட்டலுக்கு அம்மா. பின்னி ரோட்டில், ஸ்பென்சருக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் ஒரே ஆளின் பெயர்தான். 1886 முதல் 1890 வரை இங்கே கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபு. எழும்பூர் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் அவரே.

அத்தை: கன்னிமார் சாமி பெயர் என்றல்லவா அம்மா சொல்வார்கள்?

பெரியப்பா: அது அயர்லாந்தில் ஒரு பகுதியின் பெயர். ஹோட்டலுக்கு முதலில் அந்தப் பெயர் கிடையாது. 1854இல் இம்பீரியல், 1886இல் ஆல்பனி, 1890 வாக்கில்தான் கன்னிமாரா. ஸ்பென்சர் கம்பெனியின் யூஜின் ஓக்ஷாட் ஹோட்டலை வாங்கினார். 1937இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். 1974இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து நீச்சல் குளத்துப் பக்கம் சேர்த்தார்.

சித்தப்பா: அண்ணா, இலைக்கு எவ்வளவு?

தாம்பரம் மாமா: எங்கள் மோட்டார் காலையிலிருந்து ஓடவில்லை. யாரிடமாவது நல்ல மெக்கானிக் நம்பர் இருக்கிறதா?

அத்தை: அனுப்புகிறேன். கண்டென்சர் போயிருக்கும்.

பெரியப்பா: கொஞ்சம் கேளுங்கள். நம் தாத்தா, அப்பாவின் அப்பா, அங்கே பட்லர். ராத்திரி வந்ததும் வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் கஞ்சி போடுவார். விடியற்காலை கரிப்பெட்டியால் தேய்ப்பார். தெறிக்கிற பொறி கோட்டில் படாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி பிடிப்பாராம். மதியம் அப்பா தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுபோய்ப் பின் கேட்டில் நிற்பார். முன்வாசல் வழியாக அவர் ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

திவ்யா: தாத்தா எங்களிடம் சொன்னதே இல்லை 😢

சித்தப்பா: எனக்கும் தெரியாது.

அத்தை: நீ எப்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாய்?

சித்தப்பா: சரி அக்கா. அப்புறம் பேசலாம்.

தாம்பரம் மாமா: கண்டென்சர்தான். மாற்றச் சொல்லிவிட்டேன். ஹோட்டலுக்கு எத்தனை பேர்?

பெரியப்பா: அப்பாவோடு பத்து பேர். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தை: பத்து என்றால் யாரை விடுவது? கும்பகோணத்துக்காரர்கள் அப்போதே கோபித்துக்கொண்டவர்கள்.

சித்தப்பா: ஆளுக்குப் பங்கு போடலாம். அண்ணா மட்டும் ஏன்?

பெரியப்பா: முதலில் அப்பாவிடம் கேளுங்கள்.

அத்தை: கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உள்ளே செருப்போடு போகலாமா?" என்கிறார்.

சித்தப்பா: புதுச் செருப்பு நான் வாங்கி வருகிறேன். என்ன அளவு?

அத்தை: 8. முட்டி வலிக்கிறது, தோல் செருப்பு வேண்டாம்.

அத்தை: சமையல்காரர் திரும்பக் கூப்பிடுகிறார். முன்பணம்?