முதலில் கல்லா, முதலில் திட்டமா?

கடலோரத்தான்:
எங்கள் ஊர் புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் தாண்டி. போன ஐப்பசியில் ஏலம் போடும் இடத்துக்கு முன்னால் இருந்த மணல் முழுக்கப் போய்விட்டது. ஃபைபர் படகை இழுத்து வைக்க இடம் இல்லை, வலை காயவைக்க ரோட்டுக்கு வருகிறோம். ஊர் கூடித் தூண்டில் முள் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இந்த நேரத்தில் ஒரு குழு வந்து, 'காலநிலை மாற்றத்துக்கு ஊரே சேர்ந்து திட்டம் போடலாம், அதுவரை கல் கேட்காதீர்கள்' என்கிறது. முதலில் கல், திட்டம் அப்புறம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

வண்டல்:
மறுக்கிறேன் அண்ணே. நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் ஏழெட்டு மாதம் நீவாடு (கடல் நீரோட்டம்) தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வாடைக் காற்று அடிக்கும் மழைக்காலத்தில் திரும்புகிறது, ஆனாலும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கேதான் போய்ச் சேருகிறது. குறுக்கே எதைப் போட்டாலும் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. உங்கள் பக்கமே பாருங்கள். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். நகரத்துக் கடற்கரை போனது, அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று நகர்ந்து தமிழக எல்லைக்குள் வந்தது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடிப் பக்கம் வளைவு கட்டியதும் பொம்மையார்பாளையத்தைக் கடல் தின்றது. இப்போது உங்கள் முறை. நீங்கள் கல் போட்டால் அடுத்த முறை உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊருக்கு. அங்கேயும் உங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருப்பீர்கள்.

கடலோரத்தான்:
கொடுத்திருக்கிறோம், என் அக்காவே அங்கேதான் இருக்கிறாள். மணல் எந்தப் பக்கம் போகிறது என்பதை நீவாடு பார்த்து வலை விடுகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை தம்பி. என் கேள்வி வேறு. துறைமுகத்துக்குக் கல் போட்டார்கள், நகரத்துக்குப் போட்டார்கள், தெற்கே ஒவ்வொரு குப்பத்துக்கும் போட்டார்கள். எங்கள் முறை வந்ததும் கல் கெடுதல் என்று கண்டுபிடிக்கிறீர்கள். வரிசையில் கடைசியில் நிற்பவன் மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்? பத்து அடி தள்ளிக் கடல் இருக்கும்போது கூட்டம் போட்டுப் படம் வரையச் சொன்னால் எப்படி?

மட்டக்கோல்:
முப்பது வருஷம் கட்டுமானத் துறையில் இருந்தவன். இரண்டு பேரும் 'கல்' என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்கள். நீட்டி விட்ட நீளமான வளைவு வேறு, குட்டையாக வரிசையாகப் போட்டு நடுவில் மணலை நிரப்பிவிடுவது வேறு. வெறும் வளைவு புதிதாக மணலைத் தராது, போகிற மணலைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். இடையில் நாமே மணல் கொட்டிவிட்டால் வடக்கே பாதிப்பு குறையும். புதுச்சேரியில் 2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் தண்ணீருக்குள் எஃகுத் தடுப்பு வைத்து, துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். தலைமைச் செயலகம் எதிரே மறுபடி மணலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஆகவே பொறியியலையே தள்ளிவிட வேண்டாம்.

ஒரு சட்டச் சிக்கலும் இருக்கிறது. தமிழகக் கரைக்கு முழுமையான கரை மேலாண்மைத் திட்டம் தயாரிக்காமல் புதிய வளைவு கட்டக்கூடாது என்று 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சொன்னது. மனு கொடுத்த உடனே கல் லாரி வந்துவிடாது.

நெத்திலிக்கூடை:
என் அம்மா இருபது வருஷம் தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர். அதனால் எனக்குக் கல்லை விட, அந்தத் திட்டத்தை எழுதப் போவது யார் என்பதுதான் பெரிய கேள்வி.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு திட்டக் கூட்டம் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு வைத்தார்கள். அந்த நேரத்தில் பெண்கள் எல்லாம் மார்க்கெட்டில். வந்தவர்கள் பெரிய வரைபடம் விரித்தார்கள். அதில் வலை காயவைக்கும் மணல்மேடு 'காலியிடம்' என்று இருந்தது. கேட்டோம், திருத்துவதாகச் சொன்னார்கள், திருத்தவில்லை. கரையில் எதைக் கட்டலாம், கட்டக்கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011-இல் வந்தபோதே, மீனவ ஊர்களின் நீண்டகால வீட்டுத் தேவையைக் கரை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை ஊரில் அந்த வீட்டு இடத்தைக் கண்ணால் பார்த்தோம்?

ஊரை நகர்த்துவது பற்றியும் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்களுக்கு உள்ளே தள்ளி வீடு கொடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, அது உண்மை. ஆனால் விடியற்காலை வலையும் எஞ்சினும் சுமந்து வருவது யார்? கருவாடு காயப்போடுவது எங்கே? கல்யாணமான பிள்ளைகளுக்கு அடுத்த வீடு கட்ட அங்கே இடமும் இல்லை. பாதிப் பேர் மறுபடி கரைக்கே வந்து குடிசை போட்டார்கள். 2011 தானே புயலில் அந்தக் குடிசைகள்தான் முதலில் பறந்தன.

திட்டம் வேண்டும். அதில் கிணறு உப்பானதும் வர வேண்டும், புயலன்று படகை எங்கே ஏற்றுவது என்பதும், மழைநீர் எந்த வாய்க்காலில் வடியும் என்பதும் வர வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் எங்களைக் கடல் மூழ்கடிக்கவில்லை, வானம் மூழ்கடித்தது. அதைக் கல்லால் தடுக்க முடியுமா?

வண்டல்:
அக்கா சொன்னதை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் கரை அரிப்பைக் காலநிலை மாற்றம் என்ற பெயரில் மட்டும் எழுத விடாதீர்கள். உலகக் கடல் மட்டம் 1901-லிருந்து 2018 வரை சுமார் 20 செ.மீ. ஏறியது. இனி வேகமாக ஏறும். ஆனால் இங்கே கரை போனதற்குப் பெரிய காரணம் துறைமுகமும், அணைகளில் தங்கிவிட்ட மணலும், ஆற்றில் அள்ளிய மணலும்தான். எல்லாவற்றையும் வானிலை மேல் போட்டால், மணலைத் தடுத்தவர்களிடம் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க முடியாது. துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே மாற்றித் தருவது துறைமுகத்தை வைத்திருப்பவர்களின் கடமை. உங்கள் மனுவில் இதைக் கேளுங்கள் அண்ணே.

கடலோரத்தான்:
இது எனக்குப் படுகிறது. கல்லுக்குப் பதில் மணல் கேட்கலாம் என்று யாரும் இதுவரை எங்களிடம் சொன்னதில்லை.

ஆனால் கல் மனுவைத் திரும்பப் பெற்றுவிடு என்றால் ஊர் ஒப்பாது, நானும் ஒப்பமாட்டேன். மணல் வரும்வரை முன்வரிசை வீடுகள் நிற்க வேண்டும். மனு இருக்கட்டும், அதோடு மணல் கேட்டு இரண்டாவது மனுவும் போகும்.

மட்டக்கோல்:
அப்படியானால் அளவும் சேர்த்துக் கொடுங்கள். ஊரின் தெற்கு முனை, நடு, வடக்கு முனை மூன்று இடத்தில் நகராத அடையாளம் ஒன்றை, கோயில் சுவரோ மின்கம்பமோ, குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மணல் மேட்டின் விளிம்பு எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை, பௌர்ணமிக்கு மறுநாள், நாடா வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷ நோட்டு கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் பேசலாம். வடக்கு ஊரிலும் அதே நாளில் அளந்தால் இன்னும் பலம்.

நெத்திலிக்கூடை:
அளக்கும் வேலையைப் பெண்கள் குழுவிடம் கொடுங்கள். சாயங்காலம் நாங்கள் கரையில்தான் இருப்போம். மணலைப் பிடித்து வைக்கும் அடும்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மிச்சமிருக்கும் மேட்டில் வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்வதையும் நாங்களே செய்வோம். அடுத்த கூட்டத்தை மட்டும் மார்க்கெட் முடிந்த பிறகு வையுங்கள்.

கடலோரத்தான்:
சரிம்மா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி, மாரியம்மன் கோயில் திடல். வடக்கு ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு என் அக்கா வீட்டுக்காரர் மூலம் சொல்லி அனுப்புகிறேன். கல் கேட்டதற்கு அவர்கள் கோபத்தில் இருக்கிறார்கள். வருவார்களா என்று பார்ப்போம்.