காதுக்குள் கேட்ட சத்தம் கருவியிலும் பதிந்தது

இடது காதில் டிக் டிக் என்று அடிக்கும். படபடவென ஒரு பாட்டம் ஓடிவிட்டு அடங்கும். சற்று நேரத்தில் மறுபடியும் தொடங்கும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன், நாடித் துடிப்போடு சேரவில்லை. ஆடியோகிராம் என்னும் கேட்கும் திறன் பரிசோதனை சரியாக இருந்ததால், முதலில் போன மருத்துவமனையில் "டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு என் மனைவி தன் காதை என் காதோடு ஒட்டிவைத்து, "எனக்கும் கேட்கிறதே!" என்றார். பிறருக்கும் கேட்கும் சத்தத்தை மனப்பிரமை என்று எப்படிச் சொல்வது?

அடுத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவர் மைக்ராஸ்கோப்பில் செவிப்பறையை நெடுநேரம் பார்த்தார். அண்ணத் தசை துடித்தாலும் காதில் இப்படிக் கேட்குமாம்; அதனால் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு அண்ணம், அதாவது வாயின் மேற்கூரை, துடிக்கிறதா என்று பார்த்தார். வாயை அகலத் திறந்தால் அண்ணத் துடிப்பு அடங்கிவிடக்கூடுமாம், அதனால்தான் மூக்கு வழி. அண்ணம் அசையவில்லை. மூளைத்தண்டில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம்.

விடை கிடைத்தது டிம்பனோமெட்ரியில், அதாவது காற்றழுத்தம் கொடுத்துச் செவிப்பறையின் அசைவைப் பதியும் பரிசோதனையில். வழக்கமான பரிசோதனை சில நொடிகளில் முடிந்துவிடும்; இந்தத் துடிப்பு அதில் தப்பிவிடலாம். அவர் காதுக்குள் காற்றழுத்தத்தை மாற்றாமல் நிறுத்தி, பதிவை நீளமாக ஓடவிட்டார். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார். நான் விரல் தூக்கிய ஒவ்வொரு இடத்திலும் கோட்டில் ஒரு பல் எழும்பியிருந்தது. நடுச்செவித் தசைத் துடிப்பு! செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சிறு தசைகள் தாமாகத் துடிப்பதுதான் அது. இப்போது இரவில் குறைந்த அளவில் குளோனசெபாம் என்னும் நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறேன். சத்தம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் காலையில் மந்தமாக இருக்கிறது. பழகிவிடும் மாத்திரை என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடங்கவும் வேண்டாம், சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

*

அண்ணா, எனக்கு டிக் சத்தம் இல்லை, உறுமல். முகவாதம் வந்து குணமான பிறகு, கண்ணை இறுக மூடினால் அதே பக்கக் காதில் கேட்கும். நடுச்செவியில் இருக்கும் அங்கவடி என்னும் சிறு எலும்பை இழுக்கும் தசைக்கும் முக நரம்புதான் கட்டளை தருகிறது. நரம்பு திரும்ப வளரும்போது இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று விளக்கினார்கள். காரணம் தெரிந்ததும் பயம் போய்விட்டது. சிகிச்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

*

நான் மாத்திரைக்கு அடங்காமல் அறுவை சிகிச்சை வரை போனவள். செவிப்பறையை ஓரமாகத் தூக்கி, நடுச்செவியின் சுத்தி எலும்பிலும் அங்கவடியிலும் சேரும் இரண்டு தசைநாண்களையும் வெட்டினார்கள். சத்தம் அதன்பின் வரவில்லை. பேச்சு முன்போலவே கேட்கிறது. குக்கர் விசில் மட்டும் கூடுதலாக உறைக்கிறது. அறுவையை யோசிப்பவர்கள், அண்ணப் பரிசோதனையையும் நீண்ட பதிவையும் முடித்துவிட்டு முடிவெடுங்கள். துடிப்பது அண்ணத் தசையாக இருந்தால் இந்த நாண்களை வெட்டிப் பயனில்லை.