நெட்வொர்க்: பிணையமா, வலைப்பின்னலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நெட்வொர்க் என்பதற்குப் பிணையம், வலையம், வலையமைப்பு எனப் பல சொற்கள் புழங்குகின்றன. ஒன்றை நிலைநிறுத்துமுன், பழைய ஆங்கில அகராதிகள் அச்சொல்லுக்கு என்ன பொருள் தந்தன என்று பார்க்க வேண்டுகிறேன்.

சம இடைவெளிகளில் குறுக்கும் நெடுக்குமாக அமைந்து, வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்கு நடுவே திறப்புகளை உடைய எதுவும் நெட்வொர்க்கே என்கிறது 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி. இலத்தீன் சொற்கள் மலிந்த வரையறை என்று அதைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் நூல், கயிறு என்ற பேச்சே இல்லாமல் வடிவத்தை மட்டும் அது பிடித்திருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். 1828இல் நோவா வெப்ஸ்டர் தம் அமெரிக்க அகராதியில் இந்த வரையறையோடு நூலையும் முடிச்சையும் சேர்த்தார். கால்வாய்களும் இருப்புப்பாதைகளும் இச்சொல்லுக்குள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வானொலியும் கணினியும் அதற்குப் பிறகு.

மீன்வலையில் ஒரு முடிச்சைச் சுற்றி நான்கு இழைகள் உள்ளன. ஓரிழை அறுந்தால் அவ்விடத்தில் கண் பெரிதாகுமே தவிர, வலை பிரிந்துவிடாது. ஓர் இணைப்பு அறுந்தாலும் செய்தி வேறு வழியில் போய்ச்சேரும் அமைப்பை 1964இல் அமெரிக்கப் பொறியாளர் பால் பாரன் தம் ஆய்வறிக்கையில் வரைந்து காட்டியபோது, அந்தப் படமும் வலையாகவே இருந்தது.

ஆகவே, 'வலைப்பின்னல்' என்பதையே முன்வைக்கிறேன். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் யாத்திராகமம் 27:4இல் நெட்வொர்க் என்று சொல்லும் இடத்தில், தமிழ் விவிலியத்தில் வெண்கலச் சல்லடைக்கு உவமையாக நிற்பதும் இச்சொல்லே. பிணையம் என்றால் பிணையக் கைதியும் ஜாமீனும் முன்னே வந்து நிற்கின்றன. வலையம் என்பதோ பேச்சில் வளையமாகிவிடும். வட்டமாக இணைத்த கணினிகளை 'வளைய வலையம்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தால் இடர் விளங்கும்.

சொல் நீளம் என்பது நியாயமான மறுப்பு. கூட்டுச்சொற்களில் 'பின்னல்' என்று சுருக்கலாம்: கணினிப் பின்னல், பின்னல் மேலாண்மை. 'வலை' என்று சுருக்கக் கூடாது. அதை இணையத்தின் வெப்புக்குக் கொடுத்துவிட்டோம்.

இணைப்புகள் கூடும் புள்ளியான நோடு என்பதற்கு 'முடிச்சு' பொருந்தும். லிங்க் என்பதற்கு 'இழை' என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒளியிழையிலும், மென்பொருளில் இணையாக ஓடும் செயற்கோவையான த்ரெட்டுக்கும் அது ஏற்கெனவே ஆளப்படுவதால், அங்கே 'இணைப்பு' என்பதே நீடிக்கட்டும்.